கொட்டகையில் தூங்கும் பவர் டில்லரை எழுப்புவோம்!

"பவர் டில்லரா? அது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே! நமக்கு எதுக்கு?" என்று புருவத்தைத் தூக்கும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். கிரைண்டர் கல் சுற்றவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். குக்கர் விசில் வரவில்லை என்றால் கேஸ்கட்டைப் பார்க்கத் தெரியும். தையல் மிஷினுக்கு எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு தெரிந்த நமக்கு, கொட்டகை மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கிற ஒரு கைக்கலப்பை இயந்திரம் மட்டும் புரியாதா என்ன?

நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் மரவள்ளி, கரும்பு, நெல், மக்காச்சோளம் என்று ஏதாவது ஒரு வெள்ளாமை இல்லாத ஊர் கிடையாது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் போனால் சின்னச் சின்னத் துண்டு நிலங்கள். பெரிய டிராக்டர் திரும்பக்கூட இடம் இருக்காது. அங்கெல்லாம் கை கொடுப்பது இந்தப் பவர் டில்லர்தான். ஆனால் ஆண்கள் திருப்பூர், சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள். நிலமும், மாடும், பிள்ளைகளும், இந்த இயந்திரமும் நம் பொறுப்பில்தான் இருக்கின்றன.

மலைமேல் இருக்கிற என் உறவுக்காரப் பெண் ஒருத்தி கீழே இருக்கிற மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். "அக்கா, மிஷின் என்ன கம்பெனி?" என்று கேட்டாராம். "சிவப்புக் கலர் தம்பி!" என்றாளாம். சிரிக்காதீர்கள், நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்வோம். அவர் ஒரு பெல்ட்டை வாங்கிக்கொண்டு மலை ஏறினார். அது சேரவில்லை. மறுபடி இறங்கி, வேறு பெல்ட்டுடன் ஏறுவதற்குள் நான்கு நாள் போய்விட்டது. பெய்த மழையின் ஈரமும் காய்ந்துவிட்டது. ஈரம் போன பிறகு உழுது என்ன பிரயோஜனம்? ஆகவே முதல் வேலை, இயந்திரத்தின் பெயரைத் தெரிந்துகொள்வதுதான்.

பெயரும் ஊரும்

ஜப்பானில் சின்ன வயல்களுக்காகப் பரவலான இந்த இயந்திரம் 1960களில் நம் நாட்டுக்கு வந்தது. பெங்களூரில் 1967-ல் தொடங்கிய வி.எஸ்.டி. கம்பெனி, ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டோடு 'சக்தி' என்ற பெயரில் பவர் டில்லர் செய்தது. கேரளாவில் அத்தாணி என்ற ஊரில் 1973-ல் தொடங்கிய அரசு நிறுவனம் காம்கோ, குபோட்டா கூட்டோடு செய்தது. நம் பக்கத்துக் கொட்டகைகளில் கிடக்கும் பழைய இயந்திரங்களில் இந்த இரண்டு பெயர்களையும் பார்க்கலாம். பின்னாளில் சீனாவிலிருந்து வந்த இயந்திரங்களும் பல பெயர்களில் விற்றன.

நிறத்தைப் பார்த்துக் கம்பெனி சொல்லவே கூடாது. கைமாறும்போது ஆளாளுக்கு ஒரு பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். எஞ்சின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில்தான் மாடல், எஞ்சின் நம்பர், குதிரைத்திறன் எல்லாம் இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் எழுத்து தெரியும். தகடே விழுந்துவிட்டதா? எஞ்சினின் இரும்பு உடம்பிலேயே நம்பர் அடித்திருப்பார்கள். அந்த இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, கோலமாவை விரலால் தேய்த்து, மேலோடு துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மாவு நின்று, நம்பர் பளிச்சென்று தெரியும். பிள்ளைகள் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்களே, அப்படியும் எடுக்கலாம். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொரு சங்கதி. பழைய இயந்திரங்களில் உடம்பு ஒரு கம்பெனி, எஞ்சின் வேறு கம்பெனி என்று மாற்றிப் பூட்டியிருப்பது உண்டு. ஆகையால் எஞ்சின் நம்பரைத் தனியாகவும், கியர் பாக்ஸ் பக்கத்து நம்பரைத் தனியாகவும் எழுதிக்கொள்ளுங்கள். பெல்ட்டின் முதுகில் ஓர் எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும், அதையும் எழுதுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள அளவையும் விடாதீர்கள். இந்த நான்கும் கையில் இருந்தால் கடைக்காரர் சரியான சாமானை ஒரே தடவையில் எடுத்துக் கொடுப்பார்.

பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர்கள், பில்லில் உள்ள நம்பரும் இயந்திரத்தில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். வங்கிக் கடனில் வாங்கிய இயந்திரம் என்றால், கடன் தீர்ந்தது என்று வங்கி கொடுத்த கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சாக்கை எடுக்கும் முன்

மாதக்கணக்கில் கிடந்த சாக்கைக் கையால் இழுக்காதீர்கள். நீளமான கம்பால் தட்டி, தூர நின்று விலக்குங்கள். பாம்புக்கும் தேளுக்கும் இதைவிட நல்ல வீடு கிடைக்காது! எலி வந்தால் அதன் பின்னாலேயே பாம்பு வரும். எலி, காற்று வடிகட்டிக்குள் கூடு கட்டியிருக்கும், ஒயரைக் கடித்திருக்கும். அதையும் பாருங்கள்.

பிறகு நாம் செய்யக்கூடிய வேலைகளைச் செய்வோம். எல்லாமே எஞ்சின் ஓடாமல், ஆறிக் கிடக்கும்போதுதான்.

எஞ்சின் ஆயில்: அளவுக் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஆயில், பால் ஊற்றின காப்பி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு ஸ்டார்ட் செய்யவே கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கன்னங்கரேல் என்று கெட்டியாக இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பொதுவாக 100 மணி நேரம் ஓடினால் மாற்றுவார்கள். ஓடாமலே வருஷக்கணக்கில் கிடந்த ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது. என்ன நம்பர் ஆயில் என்பதை அந்த மாடலின் புத்தகம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கியர் பாக்ஸுக்கு ஊற்றுவது வேறு ஆயில். கடையில் '90 ஆயில்' என்று கேட்பார்களே, அந்த மாதிரிக் கெட்டி ஆயில். இரண்டையும் மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

காற்று வடிகட்டி: பழைய இயந்திரங்களில் பெரும்பாலும் அடியில் ஒரு கிண்ணம், அதில் கொஞ்சம் ஆயில் இருக்கும். தூசியெல்லாம் அந்த ஆயிலில் படிந்துவிடும். கிண்ணத்தைக் கழற்றி, சேற்றை வழித்து, டீசலில் கழுவி, புது ஆயில் ஊற்ற வேண்டும். கோடு போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். அதிகமானால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் வெறி பிடித்த மாதிரி ஓடும். புழுதிக் காலத்தில் தினமும் இதைத் திறந்து பார்க்கலாம், தப்பில்லை.

டீசல்: ஆறு மாதத்துக்கு மேல் தொட்டியில் கிடந்த டீசலை வடித்துவிடுங்கள். அடியில் தண்ணீரும் கசடும் நிற்கும். வடிகட்டியையும் மாற்றுங்கள். புது டீசல் ஊற்றிய பிறகு குழாய்க்குள் காற்று நிற்கும். அதற்கென்று உள்ள திருகைத் தளர்த்தினால் முதலில் நுரை நுரையாக வரும், பிறகு தெளிவாக வரும். அப்போது இறுக்கிவிட வேண்டும். ஒரு முறை மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், நமக்குப் பழகிவிடும்.

தண்ணீர்: குளிர்ச்சிக்கான தண்ணீரைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், விசில் அடங்காத குக்கரைத் திறந்த கதைதான். முகம் வெந்துவிடும்.

பெல்ட்: நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் சரி. தொளதொள என்றிருந்தால் வழுக்கும், விறைப்பாக இருந்தால் தேயும். ஒரு பெல்ட் அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் இல்லை. மற்றவை தளர்ந்திருப்பதால் பாரமெல்லாம் புதுசின் தலையில் விழுந்து, அதுவும் சீக்கிரம் போய்விடும். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கத்திகள்: ரோட்டரியில் உள்ள கத்திகளில் பாதி இடப்பக்கம் வளைந்தவை, பாதி வலப்பக்கம் வளைந்தவை. கழற்றும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதே வரிசையில் மாட்டுங்கள். தேய்ந்த கத்தி, வளைந்த போல்ட்டு இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு போல்ட்டு கழன்றாலும் கத்தி கல்லைப் போலப் பறக்கும்.

நாசில், டீசல் பம்பு, வால்வு, கிளட்ச் தட்டு, கியர் பாக்ஸின் உள்பக்கம், இவற்றில் மட்டும் நாம் கை வைக்க வேண்டாம். முக்கியமாக, நாசில் சோதிக்கும்போது அதன் முன்னால் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே கை அழுகிப் போகும். அப்படி ஆனால் அன்றைக்கே, அந்த மணியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உயிர் கொடுக்கும் நேரம்

இயந்திரத்தை வெட்டவெளிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்டினால் அந்தப் புகை ஆளை மயக்கிக் கொன்றுவிடும். கியரும் ரோட்டரியும் நியூட்ரலில் இருக்கின்றனவா, கிளட்ச் விடுபட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். கைப்பிடி போட்டுச் சுற்றும் எஞ்சினில், முதலில் அழுத்தத்தை விடுவிக்கும் லீவரைப் பிடித்துக்கொண்டு இருபது சுற்றாவது சும்மா சுற்றுங்கள். நாள்பட்டுக் கிடந்த எஞ்சினுக்குள் ஆயில் பரவட்டும். பிறகு வேகமாகச் சுற்றி லீவரை விட வேண்டும். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டை விரலும் மணிக்கட்டும் முறியும்.

ஓட ஆரம்பித்ததும் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை தொடர்ந்தால் காற்று போதவில்லை, அல்லது பாரம் அதிகம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. தாளிக்கும் வாசனையை வைத்தே கடுகு கருகிவிட்டது என்று சொல்கிற நமக்கு இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மழைக்குப் பின் தோட்டத்தில் புல் முளைக்கும் வேகம்தான் தெரியுமே! மரவள்ளி வரிசையின் இடைவெளியையும் உங்கள் ரோட்டரியின் அகலத்தையும் அளந்து பாருங்கள். செடி சிறிதாக இருக்கும்போது இடம் இருந்தால், நடுவில் மேலாக ஓட்டிப் புல்லை வெட்டிப் புரட்டிவிடலாம். தென்னந்தோப்பிலும் அப்படியே. ஆனால் முழங்கால் உயரம் வளர்ந்த புல்லில் நேராக விட்டால், அது தண்டில் சடைப் பின்னல் மாதிரிச் சுற்றிக்கொள்ளும். முதலில் அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, பிறகு ஓட்டுங்கள். நடந்து பார்த்துக் கல், கம்பி, பழைய துணியையும் பொறுக்கிவிடுங்கள். சுற்றிய புல்லை எடுக்க எஞ்சினை முழுவதும் நிறுத்த வேண்டும். "ஒரு நிமிஷம்தானே" என்று ஓடும்போது கை வைக்கிற வேலையே கூடாது.

மலைச் சரிவில் ஒரு கண்டம்

மலைமேல் இருக்கும் சகோதரிகள் இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். பவர் டில்லரின் இரண்டு கைப்பிடியிலும் திருப்புவதற்கு ஒவ்வொரு லீவர் இருக்கும். சமதரையில் இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குப் போகும் விசை நின்று, வண்டி இடது பக்கம் திரும்பும். ஆனால் சரிவில் இறங்கும்போது கதையே வேறு. அங்கே எஞ்சின் வண்டியைத் தள்ளவில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டு இருக்கிறது. இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரம் பிடி விட்டு வேகமாக உருளும், வண்டி வலது பக்கம் திரும்பிவிடும். பள்ளத்திலிருந்து விலகத் திருப்புகிறவர் பள்ளத்துக்குள்ளேயே போகிறார்! பல வருஷம் சமதரையில் ஓட்டிய ஆள்கூட, மலைக்கு வந்த முதல் நாள் இதில் ஏமாந்து போவார்.

ஆகவே இறக்கத்தில் சின்ன கியரில், மெதுவாக, அந்த லீவர்களைத் தொடாமல், கைப்பிடியை உடம்பால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். நடுவழியில் கிளட்ச்சைப் பிடிப்பதோ நியூட்ரல் போடுவதோ கூடவே கூடாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் டிரெய்லரோடு மலைப்பாதையில் இறங்குகிறார்களே, அது டீசலை மிச்சம் பிடித்து உயிரைச் செலவழிக்கிற கணக்கு. செங்குத்தான சரிவுக்கு இந்த இயந்திரமே வேண்டாம், மண்வெட்டியே போதும்.

நம் உடம்பும் பிள்ளைகளும்

ஓட்டுகிறவர் நாமாக இருந்தால் புடவைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, பின்னல் எதுவும் கூடாது. பழைய இயந்திரங்களில் பெல்ட் மூடி பாதி நாள் இருப்பதில்லை. ஒரு நூல் மாட்டினாலும் ஆளையே இழுத்துவிடும். மூடி இல்லாவிட்டால் தகடு வெட்டி மூடி செய்து போட்ட பிறகே ஓட்டுங்கள், பெல்ட்டுக்குச் செய்யும் செலவில் அது ஒன்றும் பெரிதல்ல. தலைமுடியைக் கொண்டையாக முடிந்து துணி கட்டி, காலுக்கு மூடிய செருப்போ பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். அதிர்வில் கை மரத்துப்போகும், ஆகையால் அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஓய்வெடுங்கள். கர்ப்பிணிகள் ஓட்டவே வேண்டாம்.

சைலன்சரில் கை பட்டுச் சுட்டுவிட்டால் மஞ்சள், பற்பசை, இங்க் எதுவும் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில், டீசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெட்டுவிடும். உப்புத் தண்ணீர், மோர் என்று கை வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. ஆனால் மலையிலிருந்து இறங்குவதற்கே நேரம் பிடிக்குமே! அதனால் வராமல் காப்பதுதான் புத்திசாலித்தனம். டீசல் கேன் பூட்டுக்குள் இருக்கட்டும். வடித்த பழைய ஆயிலைக் கிணற்றோரம் கொட்டாதீர்கள், மாட்டுப் புண்ணுக்கும் தடவாதீர்கள்.

பழசா, புதுசா?

எஞ்சின் உடம்பில் விரிசல், கியர் பாக்ஸில் பல் உடைவு, உதிரிபாகம் எங்கேயும் கிடைக்காத மாடல் என்று மெக்கானிக் சொன்னால், அதற்கு மேல் பழசில் பணம் போட வேண்டாம். பவர் டில்லர் வாங்க அரசு மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் மானிய சதவீதம் கூடுதல். நிலம் உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் பெயரிலேயே விண்ணப்பம் போடலாம். கள்ளக்குறிச்சி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் போய், இந்த வருஷம் எவ்வளவு, என்னென்ன காகிதம் வேண்டும் என்று நேரில் கேளுங்கள். உழவன் செயலியிலும் பார்க்கலாம். ஆனால் பெல்ட்டும், ஆயிலும், வடிகட்டியும் மாற்றினால் ஓடுகிற இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுக் கடன் வாங்க ஓடாதீர்கள்!

கேஸ் நம்பர், ரேஷன் கார்டு நம்பர் எழுதி வைக்கிற நோட்டு எல்லார் வீட்டிலும் இருக்கும். அதிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, எஞ்சின் நம்பர், கியர் பாக்ஸ் நம்பர், பெல்ட் நம்பர், டயர் அளவு நான்கையும் எழுதுங்கள். அதற்குக் கீழே, ஆயில் மாற்றிய தேதி, டீசல் ஊற்றிய தேதி, ஓடிய மணி நேரம் என்று பால் கணக்கு மாதிரி எழுதிக்கொண்டே வாருங்கள். அடுத்த முறை மெக்கானிக் போனில் "என்ன மாடல் அக்கா?" என்று கேட்டால், நோட்டைப் பார்த்து 'டாண்' என்று பதில் சொல்லலாம்.